நாலு பேர் ஆட்டம்

“ட்ரிப் கேன்சல் ஆயிடுச்சு அண்ணே. எனக்கே மனசு சரியில்ல.”

குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, பல் டாக்டர் மூன்றாவது முறையாகச் சொல்லிப் பார்த்தார். குரலில் சோகம் சரியாக வந்துவிட்டது. கண்தான் ஒத்துழைக்க மறுத்தது.

“கேன்சல்னா கட்டில் மேல எதுக்கு அரை டிரவுசரும் தொப்பியும் எடுத்து வச்சிருக்கீங்க?” துண்டோடு வந்த மனைவி கேட்டாள்.

டாக்டர் முகம் கழுவுவதுபோல் குனிந்துகொண்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார்.

ஞாயிறு காலையில் சேர்ந்து கோல்ஃப் ஆடும் கூட்டாளிகள் நாலு பேர். வக்கீல், அச்சகக்காரர், பல் டாக்டர், ரிட்டயரான சர்வேயர். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் குழியைச் சுற்றிச் சுற்றி வந்து கண்ணாலேயே அளப்பதால் சர்வேயருக்கு ‘டேப் அண்ணன்’ என்று பெயர். நல்ல வெயிலடிக்கும் கடற்கரையோரமாக ஒரு மைதானத்தில் நாலு நாள் ஆடிவிட்டு வர வேண்டும் என்று பன்னிரண்டு வருஷமாகப் பேசிப் பேசி, இப்போதுதான் தேதி குறித்திருந்தார்கள்.

நேற்று வக்கீல் டாக்டரை மட்டும் தன் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

“பொண்ணோட மாமனார், நானும் வர்றேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறார். சம்பந்திகிட்ட முடியாதுன்னு சொல்ல முடியுமாப்பா? அங்க ஒரு குழுவுக்கு நாலு பேர்தான். யாராவது ஒருத்தரைக் கழட்டிவிட்டாகணும்.”

“யாரை?”

“முதல்ல வேற மாதிரி யோசிச்சோம், சரிப்பட்டு வரல. இப்ப டேப்தான். அந்த மனுஷன் அளந்து முடிக்கிறதுக்குள்ள சூரியன் கடல்ல இறங்கிடும். ட்ரிப்பே கேன்சல்னு நீ போய்ச் சொல்லிடு. நீ சொன்னா நம்புவார்.”

டாக்டர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

எல்லாவற்றையும் கேட்ட மனைவி, “அவர் அங்க வரணும்னு எவ்வளவு ஆசைப்பட்டார்!” என்றாள்.

“அதுக்கு? அவருக்குப் பதிலா நான் நின்னுக்கட்டுமா?”

“நிக்கலாமே.” துண்டை அவர் தோளில் போட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

சர்வேயர் வீட்டில் சாப்பாட்டு மேஜை முழுக்கக் கடற்கரை விரிந்து கிடந்தது. பதினெட்டுக் குழிகளையும் கட்டம் போட்ட தாளில் அவரே வரைந்து, மேடு பள்ளமெல்லாம் பச்சை மையில் குறித்திருந்தார். தாள் சுருளாமல் இருக்க ஒரு மூலையில் உப்பு டப்பா, இன்னொரு மூலையில் கண்ணாடிக் கூடு.

“வா தம்பி, வா! சரியான நேரத்துலதான் வந்திருக்கே. இதோ பாரு, ஏழாவது குழி. பகல்ல காத்து கடல் பக்கம் இருந்து வீசும். பந்தை நேரா அடிச்சே, போச்சு. கொஞ்சம் இடது பக்கமா விடணும்.”

“அண்ணே...”

“இரு, முடிச்சுடறேன். உன் இடுப்பு வலிக்கு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. போன் பண்ணிப் பேட்டரி வண்டி இருக்கான்னு விசாரிச்சுட்டேன். இருக்காம்.”

தினமும் இருபது பேரை வாயைத் திறக்கச் சொல்கிறவருக்குத் தன் வாய் திறக்கவில்லை. பச்சை மைக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் வந்ததென்னவோ கண்ணாடி முன்னால் பழகிய வார்த்தைகள்தான்.

“ட்ரிப் கேன்சல் ஆயிடுச்சு அண்ணே. எனக்கே மனசு சரியில்ல.”

சர்வேயரின் விரல் ஏழாவது குழியிலேயே நின்றது. “வக்கீல் சொன்னாரா?” என்று கேட்டார்.

“ஆமாண்ணே. ஏதோ... இடம் கிடைக்கலையாம்.”

சர்வேயர் உப்பு டப்பாவை நகர்த்தினார். தாளை மடிப்பு மாறாமல் மடித்தார். மடித்து முடித்த பிறகும் நிமிரவில்லை.

“இடமெல்லாம் கிடைச்சிருக்கும் தம்பி. என்னாலதான் கேன்சல் பண்ணியிருக்காங்க. என் வீம்பால உன் ட்ரிப்பும் சேர்ந்து போச்சு. நீ என்னை மன்னிக்கணும்.”

டாக்டருக்குக் காது சுட்டது. தெரிந்துவிட்டதா? “நீங்க எதுக்குண்ணே மன்னிப்பு கேட்கறீங்க?”

“உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு நினைச்சேன். சொன்னா உன் மனசு நோகும். போன வாரம் வக்கீல் இங்க வந்திருந்தார். சம்பந்தி வர்றாராம், நாலு பேருக்குத்தான் இடமாம். அதனால உன்னைக் கழட்டிவிட்டுடலாம், ட்ரிப் கேன்சல்னு நீங்களே போய்ச் சொல்லிடுங்கன்னார்.”

டாக்டர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். “நீங்க... என்ன சொன்னீங்க?”

“வேற என்ன சொல்றது? நீ இல்லாம நான் வரலைன்னுட்டேன்.”