வழிக்கு உதவுகிற கத்தி

கத்தி திறக்கவில்லை.

நகத்தை விட்டு நெம்பினேன். நகம் பிய்ந்துகொண்டு வந்தது. கத்தி அசையவில்லை.

அதற்குள் மச்சான் தலையால் முட்டினான். என் மூக்குக்குள் ஏதோ நொறுங்குவது எனக்கே கேட்டது.

மச்சான் என்றால் என் பெண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன். அவனைக் குத்திச் சாய்க்கத்தான் பஸ் மாறி பஸ் ஏறி வந்திருந்தேன். வயிற்றில் ஏற்றி ஒரு திருகு திருகவேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் குத்திக்கொண்டே வந்தேன்.

பழைய இரும்புக் கிடங்கு அது. வாசலில் தகரக் கூரை போட்ட காவல் அறை. மொட்டை வெயில். நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். என் தம்பியை மண்ணுக்குள் அனுப்பிவிட்டு இவனுக்கு உட்கார்ந்து தின்கிற வேலை.

தம்பி ஆறாவது மாடிச் சுவருக்கு வெளியே கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடித்தவன். மேலே நின்று அந்தக் கயிற்றைப் பிடித்தவன் இவன். கயிற்றை விட்டுவிட்டான் என்றுதான் ஊர் வாயெல்லாம் சொன்னது. தம்பியைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். முகத்தைப் பார்க்கவேண்டாம் என்றார்கள். இவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஓடிவிட்டான் என்றார்கள்.

எங்க அண்ணன் விட்டிருக்க மாட்டான் என்று என் வீட்டுக்காரி ஒரே ஒரு தடவை சொன்னாள். சாப்பாட்டுத் தட்டை எட்டி உதைத்தேன். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். சரி என்றவள் கத்தியைக் கேட்டு வாங்கினாள். மடக்குக் கத்தி. கைப்பிடி மரத்தைத் தள்ளினால் ஒரு பக்கம் நழுவும், உள்ளே பொந்து. நான் எங்கே புறப்பட்டாலும் அதில் எதையாவது அடைத்துத் தருவாள். ஊக்கு, தீக்குச்சி, சட்டைப் பொத்தான். வழிக்கு உதவும் என்பாள்.

இந்தத் தடவையும் அடைத்துத் தந்தாள். என்னவென்று நான் பார்க்கவில்லை. கத்தியையும் வழியில் எங்கேயும் விரிக்கவில்லை. விரித்தால் கை அங்கேயே அவசரப்பட்டுவிடும் என்று பயம்.

"என்ன மாப்ளே, காது குடையவா கொண்டாந்தே?"

சிரிக்கிறான்.

முழங்காலை என் வயிற்றில் ஏற்றினான். குனிந்தவனைத் தாடையில் முழங்கையால் இடித்தான். பல் ஒன்று கழன்று நாக்குக்கு அடியில் உருண்டது. கையால் தொட்டு அடிக்கக்கூட நான் லாயக்கில்லையாம், அவ்வளவு திமிர். அடியைவிட அதுதான் எனக்கு எரிந்தது.

மூடின கத்தியாலேயே அவன் புருவத்தில் ஓங்கிக் குத்தினேன். புருவம் பிளந்து கண்ணை ரத்தம் மூடியது. அந்தச் சமயத்தில் கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து காதைக் கடித்தேன். வாய் உப்புக் கரித்தது. விடவில்லை. காது கிழிகிற சத்தம், ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரியேதான் இருந்தது.

காலை மடக்கி உதைத்தான். தகரத்தில் போய் விழுந்தேன். விலாவில் மளுக்கென்றது.

அவன் பக்கத்திலேயே ஒரு இரும்புக் குழாய்த் துண்டு கிடந்தது. என் மண்டைக்கு அது போதும். அவன் எடுக்கவில்லை. ஏன் என்று யோசிக்க எனக்கு மூச்சு இல்லை.

வெயிலில் ஓடின நாய்கள் மாதிரி இரண்டு பேரும் இளைத்துக்கொண்டு கிடந்தோம்.

கொல்லாமல் போவதில்லை. கைப்பிடி மரத்தைத் தள்ளினேன். உள்பக்கமாக நெம்பியாவது கத்தியை வெளியே எடுத்துவிடலாம் என்று.

கத்தி மடங்குகிற பள்ளம் முழுக்க மஞ்சள் பசை. செருப்புக்கு அடி ஒட்டுகிற பசை. வீட்டுத் தரையில் உட்கார்ந்து என் வீட்டுக்காரி நாள் முழுக்க ஒட்டுவது அதை வைத்துத்தான். தண்ணீரில் ஊறினாலும் விடாது, கல்லில் அடித்தாலும் விடாது.

வேலை என்று நான் சொன்னதை அவள் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை.

பொந்துக்குள் சின்னப் பொட்டலம். பிரித்தேன். நூல் கோத்துவைத்த ஊசி. வலி மாத்திரை. காயத்தில் ஒட்டுகிற பிளாஸ்திரி.

எல்லாம் இரண்டு இரண்டாக இருந்தது.

அவன் எழுந்து தகரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வந்த ஆத்திரத்தில் ஒரு ஊசியை அவன் மடியில் விட்டெறிந்தேன்.

"உன் அருமைத் தங்கச்சி குடுத்துவிட்டிருக்கா. தெச்சுக்கோ."

காதின் கீழ்ப்பாதி தொங்கிக்கொண்டிருந்தது. ரத்தம் கழுத்தில் இறங்கிச் சட்டைக்குள் போனது. மடியில் கிடந்த ஊசியை அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நீயே தெச்சு விடு, மாப்ளே."

அந்த ஏளனம் எனக்குப் பொறுக்கவில்லை. தவழ்ந்து போய் அவன் கையைப் பிடித்து, ஊசியை அதில் திணிக்கப் பார்த்தேன். விரல்கள் பிரியவில்லை. முரண்டு பிடிக்கிறான் என்று நினைத்து, என் பலமெல்லாம் போட்டு இழுத்துப் பிரித்தேன். அவன் அலறினான். இவ்வளவு நேரம் வாங்கின அடிக்கு அலறாதவன்.

உள்ளங்கை என்று ஒன்று அங்கே இல்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரு பள்ளம், கயிற்றின் கனத்துக்கு. சதை வெந்து, ஆறி வழவழப்பாகி, விரல்களை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தது.

இன்னொரு கையையும் பிரித்தேன். அதுவும் அப்படியே.

நானும் கயிறு பிடித்துப் பிழைக்கிறவன்தான். கயிற்றை விட்டவன் கையில் ஒரு கீறல்கூட இருக்காது.