எழ மறுத்த கணினி

மனிசாலெஸ் நகரில் ஒரு நோட்டரி அலுவலக வாசலில் கடுங்காப்பி விற்கிறேன். என் வண்டி வெளியே, காது உள்ளே. அங்கிருந்த பழைய கணினி காலையில் மெதுவாகத்தான் எழும். அதுவரை எல்லோரும் என்னிடம் காப்பி குடித்தபடி அதைத் திட்டுவார்கள்.

அந்தக் கணினியை அப்படியே நகலெடுத்து, புதுக் கணினிக்குள் மெய்நிகர் கணினியாக ஓடவிட வந்தவன் யாமில். மூன்று நாளாக அது பாதியிலேயே நின்றது. பத்து நிமிடம் பார்ப்பான், அணைப்பான், மறுபடி போடுவான்.

“பழசு மெதுவாவாவது எழுந்துச்சு. உன்னோடது எழவே மாட்டேங்குதே! இன்னிக்குள்ள சரியாகலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்,” என்று குதித்தார் நோட்டரி எவாரிஸ்டோ.

பாவம், யாமில் வாடிப்போனான். கணினி எழும்போது ஓடும் தொடக்கக் கட்டளைகளை வரிவரியாகப் படித்தான். நான் காப்பித் தட்டோடு உள்ளே போனபோது சிரித்துக்கொண்டிருந்தான்.

“ஐயா, இது ஹேங் ஆகல. இருபது நிமிஷம் சும்மா காத்திருன்னு யாரோ எழுதி வச்சிருக்காங்க.”

“எந்தச் சோம்பேறிப் பய?”

“பேரும் போட்டிருக்கு ஐயா. ‘காப்பி குடிக்க நேரம். எவாரிஸ்டோ, குமாஸ்தா, 1998.’”

நோட்டரி செருமினார்.

“அக்கா, தம்பிக்கு ஒரு காப்பி குடுங்க,” என்றவர், அவன் பக்கம் குனிந்தார். “அந்த வரி இருந்துட்டுப் போகட்டும்ப்பா.”