ரெண்டு அவுன்ஸ்

"அண்ணே, அவரோட வெயிட்டைக் கழட்டியாச்சா?"

சனிக்கிழமை காலை, படியேறி வந்ததும் வராததுமாக சுதா கேட்கிற முதல் கேள்வி இதுதான்.

"கழட்டிட்டேம்மா. உன் வெயிட்லதான் கீது" என்று லோகநாதன் அந்த ஸ்டிக்கை எடுத்து நீட்டினார். அம்பத்தூரில், ஒரு மாடியில் மூன்று டேபிள் போட்டு, ஸ்டிக்கால் பந்தைக் குழியில் தள்ளி ஆடுகிற பூல் பார்லர் நடத்துகிறவர் அவர்.

சுதா ஸ்டிக்கை இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தாள். சரியாக இருந்தது. கடைசி டேபிளுக்குப் போய்விட்டாள்.

வாரக் கடைசியில் தவறாமல் ஆட வருகிற யூசுப், லோகநாதன் பக்கம் குனிந்தான்.

"இன்னா அண்ணாத்தே இது? டைவர்ஸ் வரிக்கும் போயிட்டாங்க. ஒரு குச்சியை வுட்டுக்குடுக்க மாட்டேன்றாங்களே ரெண்டு பேரும்!"

"உனுக்கு இன்னா அதப் பத்தி? நீ ஆடு."

யூசுப் சொன்னதில் பொய்யில்லை. சுதாவும் ஸ்ரீராமும் பிரிந்து ஏழு மாதம் ஆகிறது. அவன் ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில். அவள் கொரட்டூரில் அம்மா வீட்டில். பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ் எல்லாம் பேசிப் பிரித்தாகிவிட்டது. முதல் கல்யாண நாளுக்கு இருவரும் சேர்ந்து வாங்கிய இந்த ஸ்டிக்கில் வந்துதான் பேச்சு நின்றது. வக்கீலே சிரித்துவிட்டார். கடைசியில், அது லோகநாதன் கடையிலேயே இருக்கட்டும், சனிக்கிழமை அவள், ஞாயிற்றுக்கிழமை அவன் என்று முடிவானது.

அதிலும் ஒரு தகராறு. ஸ்ரீராமுக்கு இருபத்தொரு அவுன்ஸ் இருந்தால்தான் கை நிற்கும். சுதாவுக்குப் பத்தொன்பதுக்கு மேல் ஆகாது. ஸ்டிக்கின் அடியில் இருக்கிற ரப்பர் மூடியைக் கழற்றினால், உள்ளே இரும்பு போல்ட் ஒன்று. ரெண்டு அவுன்ஸ். அவனுக்கு அதைப் போட வேண்டும், இவளுக்கு எடுக்க வேண்டும்.

"நாலு வருஷத்துல எனக்காக ஒரு விஷயத்துல இறங்கி வந்ததில்லண்ணே" என்று ஒருநாள் சுதா ஆரம்பித்தாள். "ஃபேன் அஞ்சுல வெச்சா அஞ்சுதான். நான் நடுங்கிக்கிட்டுக் கிடந்தாலும் கண்ணுல படாது. குழம்புல காரம் அவர் சொன்னதுதான். சண்டை போடவும் வர மாட்டாரு. பேசாம இருந்தே ஜெயிச்சுடுவாரு."

லோகநாதன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

போகும்போது வாசலில் நின்று, "போன வாரம் வந்தாரே... இருமல் போயிடுச்சா அவருக்கு?" என்றாள்.

"இருமின மாதிரி தெரியலயேம்மா."

"எனக்கென்ன, சும்மா கேட்டேன்."

வாரா வாரம் இப்படி ஒன்று. ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் வந்தாரா? சட்டை அயர்ன் பண்ணி இருந்ததா? கேட்டுவிட்டு, பதில் காதில் விழாத மாதிரி திரும்பிக்கொள்வாள். ஆனால் பதில் வருகிறவரை படி இறங்க மாட்டாள்.

புதன்கிழமை பூந்தமல்லி கோர்ட்டில் கடைசிக் கையெழுத்து என்று இருந்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை சுதா வந்தபோது லோகநாதன் இல்லை. கவுன்ட்டரில் அவர் மனைவி கன்னியம்மா உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அண்ணன் இல்லையாக்கா?"

"ஈ.பி. ஆபீஸுக்குப் போய்கீறாரு. இன்னா ஓணும்?"

"இதுல வெயிட்டைக் கழட்டணும். போல்ட் கழட்டற சாவி குடுங்க, நானே கழட்டிக்கறேன்."

கன்னியம்மா டிராயரிலிருந்து சாவியை எடுத்துத் தந்தாள். சுதா ரப்பர் மூடியைப் பிடுங்கிவிட்டு சாவியை உள்ளே விட்டாள். எதிலும் மாட்டவில்லை. ஸ்டிக்கைக் கவிழ்த்துத் தட்டினாள். காலியாக இருந்தது.

"அண்ணன் ஏற்கெனவே கழட்டிட்டாரு போல" என்றாள்.

"மாட்டினாத்தானே கழட்றதுக்கு!" கன்னியம்மா நிமிரவே இல்லை. "மொத ரெண்டு வாரம் மாட்டினாரு உங்க ஊட்டுக்காரரு. அதோட சரி."

சுதாவுக்குப் புரியவில்லை.

"அப்ப ஞாயித்துக்கெழமைல?"

"உன் வெயிட்லதான் ஆட்றாரு. ஆட்றாரு இன்னா... தோத்துகினு கீறாரு. நேத்து ஆடக் கத்துகினவன்லாம் அவரை ஜெயிச்சுட்டுப் போறான்."

சொன்ன பிறகுதான் கன்னியம்மாவுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ, உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்க ரெண்டு பேர் கிட்டயும் சத்தியம் வாங்கிகீறாரும்மா. அதுக்கோசரந்தான் எங்க ஊட்டுக்காரரும் வாரா வாரம் உங்கிட்ட பொய் சொல்லிகினு கீறாரு."

சுதா ரப்பர் மூடியை மாட்டப் பார்த்தாள். பாதியிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"எதுக்குக்கா? தோக்கறோம்னு தெரியுதில்ல? மாட்டிக்கறது ஒரு நிமிஷ வேலை!" குரல் கோபமாகத்தான் ஆரம்பித்தது. முடியும்போது அப்படி இல்லை.

"நானும் அதத்தாம்மா கேட்டேன்" என்று கன்னியம்மா அவரைக்காயை ஒதுக்கி வைத்தாள். "'அவளுக்காக எதையும் மாத்திக்கத் தெரியாத ஆளுன்னு சொல்லிட்டுப் போனா. அவ சொன்னது நெசந்தான்க்கா. இதுலேர்ந்தாவது பழகிக்கறேன்'ன்னாரு."

சுதா அன்றைக்கு ஆடவில்லை. ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அப்புறம் கேட்டாள்.

"நாளைக்கு அவர் எத்தனை மணிக்கு வருவார்க்கா?"