சனிக்கிழமை நட்டு

பொமேன் அர்ச்சுனனை இனி வாசல் பக்கமே விடக்கூடாது என்று குமுதவல்லி முடிவு கட்டிவிட்டாள்.

பின்னே என்ன? மூன்று சனிக்கிழமையாக இதே கூத்து. தம்பின் டவுன் பசாருக்குக் காய்கறி வாங்கப் போகப் பையும் கையுமாகக் காரில் ஏறி உட்காருவாள். கணவர் முருகையா சாவியைத் திருகுவார். கார் "டிக், டிக்" என்னும். அதற்கு மேல் ஒரு முனகல்கூட வராது.

உடனே போன் பறக்கும். தோட்டத்தில் பொமேனாக, அதாவது மெக்கானிக்காக, முப்பது வருஷம் லோரிகளைப் பழுது பார்த்த அர்ச்சுனன், கைத்தடியை ஊன்றிக்கொண்டு மேட்டு லயத்து வீட்டிலிருந்து இறங்கி வருவார்.

"லைட்ட போடுங்கண்ணே. இப்ப சாவிய திருகுங்க. லைட்டு மங்குதா?"

"மங்குது தம்பி!"

"அப்ப கரண்டு ஒழுங்கா வரல. எதுக்கும் எல்லாத்தையும் பாத்துருவோம்லா."

எல்லாம் என்றால் எல்லாமேதான். ஹாரன், பியூஸ், எர்த் வயர், ஸ்டார்ட்டரில் ஸ்பேனரால் இரண்டு தட்டு. நடுநடுவே இருவருக்கும் பழைய லோரிக் கதை, சிரிப்பு. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பேட்டரி பக்கம் திரும்புவார். அங்கே வயரைக் கவ்விப் பிடிக்கிற நட்டு லூசாகிக் கிடக்கும். ஒரு முடுக்கு. கார் உறுமிக்கொண்டு கிளம்பும்.

அதற்குள் பசாரில் பாதிக் கடை மூடியிருக்கும். குமுதவல்லிக்கு மிஞ்சுவது வதங்கிப்போன கங்கோங் கீரைதான்.

"மூனு வாரமும் அதே நட்டு! அத மட்டும் கடைசியிலதான் பாப்பாராம். வேணும்னே சரியா முடுக்காம போறாருங்க அந்த ஆளு."

"அவனுக்கு அதுல என்னா லாபம்?" என்றார் முருகையா.

அதுதான் அவளுக்கும் விளங்கவில்லை. அர்ச்சுனன் வாங்கிக்கொள்வது ஒரு கோப்பை தே தாரேக் டீ மட்டும். அதற்காகவா ஒரு மனுஷன் தடியை ஊன்றிக்கொண்டு இவ்வளவு தூரம் வருவான்? ஒருவேளை யாருக்கும் தெரியாமல் அவரே வந்து கழற்றிவிட்டுப் போகிறாரோ? யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்டதும் காருக்குச் சந்தனம், குங்குமம் வைப்பது அவள் வழக்கம். இந்த வெள்ளிக்கிழமை பானெட்டையும் திறந்தாள். பேட்டரி வயரை ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை. குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து, அந்த நட்டைச் சுற்றிலும் தாராளமாக அப்பி வைத்தாள். தொட்டவன் விரல் காட்டிக் கொடுக்கட்டும். நாளைக்கு அர்ச்சுனன் வந்ததும் முதல் வேலையாகக் கையை நீட்டச் சொல்ல வேண்டும். விரலில் சிவப்பு இருந்தால், அத்தோடு இந்த வீட்டு வாசலை அவர் மறந்துவிட வேண்டியதுதான்.

சனிக்கிழமை விடிந்தது. டிக், டிக்.

"அடடா, மறுபடியுமா!" என்று முருகையா போனை எடுத்து அர்ச்சுனனைக் கூப்பிட்டார்.

போனைப் பிடித்திருந்த கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் செக்கச் செவேல் என்றிருந்தன.

அவர் பேசி முடிக்கும்வரை குமுதவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்தக் கையைப் பிடித்து அடுப்படிக்கே இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னாங்க இது?"

முருகையா விரலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். திருட்டு முழி முழித்தார்.

"கத்தாத, குமுதா. ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியிலேருந்து திரும்புனதுலேருந்து அவன் வாசப்படி தாண்டல. நாலு மாசம் செவுத்தப் பாத்துக்கிட்டே கெடந்தான். நானும் எத்தன தடவ போயி கூப்பிட்டேன், தெரியுமா? சும்மா வாடான்னா வரமாட்டான். கார் ஸ்டார்ட் ஆவலன்னு சொன்னா கம்ப ஊனிக்கிட்டு வந்துர்றான்லா. அதான், விடியறதுக்கு முன்னாடி இருட்டுல நானே கழட்டிவிட்டேன்."

குமுதவல்லி அவர் கையை விட்டாள். மூன்று வாரமாக அந்த மனுஷனை மனசுக்குள் எத்தனை திட்டு திட்டியிருக்கிறாள்! தன்னை நினைத்தால் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"போங்க, கைய நல்லா சோப்பு போட்டு கழுவிட்டு வாங்க. அவரு கண்ணுல பட்டுடப் போவுது" என்று கணவரைக் குளியலறைக்கு விரட்டினாள்.

தே தாரேக்கோடு சுடச்சுட நாலு தோசையும் எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, அர்ச்சுனன் பானெட்டைத் திறந்து வைத்துக் குனிந்திருந்தார்.

"பொறுமையா பாருங்க தம்பி. பசாரு எங்கயும் ஓடிப் போயிடாது" என்றாள்.

அர்ச்சுனன் நிமிர்ந்தார். விளங்காத இடது கையைக் காரின் மேல் சாய்த்துக்கொண்டு, வலது கையால் நட்டைக் காட்டினார்.

"என்னா அண்ணி, இன்னிக்கு இதுக்கும் குங்குமமா? அதுல வெரல் தடம் வேற இருக்கு."

குமுதவல்லி அவசரமாகத் தோசைத் தட்டை நீட்டினாள். "அது வந்து... தம்பி..."

"பயப்படாதீங்க. எனக்கு மொத வாரமே தெரியும். தானா கழண்ட நட்டுக்கும் ஒருத்தர் கழட்டுன நட்டுக்கும் ஒரு பொமேனுக்கு வித்தியாசம் தெரியாதா?"

"தெரிஞ்சுமா இந்தக் கால வச்சிக்கிட்டு மேட்ட எறங்கி வரீங்க?"

அர்ச்சுனன் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வேலையிலேருந்து நின்ன பொறவு அண்ணன் யாருகூடவும் பேசுறதே இல்லன்னு நீங்கதான் எங்க வீட்டுக்காரிகிட்ட சொல்லி அழுதீங்களாமே. இந்த பானெட்ட தொறந்தா ரெண்டு மணி நேரம் வாய் ஓயாம பேசுறாரு, சிரிக்கிறாரு. ஆனா பாவம், மூட்டுவலியில அவரு வெரலு ஸ்பேனர புடிக்காது. அதான் அண்ணி, ஒவ்வொரு வாரமும் அவரு கையாலயே கழட்டுற மாதிரி லேசா முடுக்கிட்டுப் போறேன்."