ஜாதகம் திறக்கவில்லை

ஜாதகப் பொருத்தம் பார்க்கும் மென்பொருள் தேசிகனின் கம்ப்யூட்டரில் காலையிலிருந்து திறக்கவே இல்லை. நாலு மணிக்குள், மகளுக்கு வந்திருந்த மைசூர் வரனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"நேத்து வரைக்கும் நன்னா ஓடித்தே!"

"என் ஆபீஸ்ல கிரண்னு ஒருத்தர் இருக்கார்ப்பா. இதெல்லாம் சரி பண்ணுவார். வரச் சொல்லட்டுமா?" என்றாள் மகள் ஸ்ரீவித்யா.

"உடனே வரச் சொல்லு!"

ஆபீஸ் இருக்கும் வைட்ஃபீல்டிலிருந்து அல்சூருக்கு வர ஒரு மணி நேரமாவது ஆகும். பத்தே நிமிடத்தில் வந்து நின்றான் கிரண். கம்ப்யூட்டரைப் பார்த்ததுமே சிரித்தான்.

"சாஃப்ட்வேர் கெடல சார். அது விண்டோஸ் ஏழுக்காக எழுதினது. இதுல யாரோ பதினொன்னு போட்டிருக்காங்க. அது தேடற ஃபைலெல்லாம் இதுல இல்ல. பழையபடி ஏழையே போட்டுடறேன்."

மூன்று மணிக்கு மென்பொருள் திறந்தது. சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, அதில் இருந்த ஸ்ரீவித்யாவின் ஜாதகத்தோடு சேர்த்து ஒரு பையனின் பிறந்த தேதி, நேரம், ஊரைத் தட்டினான். பத்துக்கு ஒன்பது பொருத்தம்!

"பேஷ்! யாரோட ஜாதகம் இது?"

"என்னோடதுதான் சார்."

தேசிகன் மெதுவாக மகள் பக்கம் திரும்பினார். "பதினொன்னைப் போட்டது யாரு?"

"நான்தாம்பா. பொருத்தம் பார்க்காம எந்தப் பையனையும் நீ வீட்டுக்குள்ள விடமாட்டே. ரிப்பேர்னா நீயே கூப்பிடுவே."