வெங்காயக் கலர்

பெங்களூரு மல்லேஸ்வரத்துக் குறுக்குத் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் மூன்று வாரமாக மூடப்படாமல் கிடக்கிறது. கடந்து வர ஒரே ஒரு பலகை. அதற்கு இந்தப் பக்கம் சங்கமித்ராவின் மேட்சிங் சென்டர். ரவிக்கைத் துணிகள் நிறவாரியாக அடுக்கியது அடுக்கியபடியே இருக்கின்றன. நேற்று முழுக்க ஒருவர்கூட வரவில்லை. இன்று பதினொரு மணி வெயிலில், எதிர்ப்பக்கம் வயதான ஓர் அம்மாள் புடவைப் பையோடு நின்று பலகையைப் பார்க்கிறார். ஒரு காலை வைக்கிறார், எடுத்துவிடுகிறார். திரும்பி நடக்கப் போகிறார்.

"அம்மா, நில்லுங்க. என்ன கலர் வேணும்?"

"வெங்காயக் கலரும்மா. ஆன்லைன்ல பிளவுஸ் பீஸ் வாங்கினேன், ரோஸா வந்துடுத்து."

"நீங்க தாண்ட வேணாம். நான் எடுத்துட்டு வரேன்."

நான்கு துணிச் சுருள்களை மார்போடு அணைத்துக்கொண்டு சங்கமித்ரா பலகையில் நடக்கிறாள். நடுவில் பலகை வளைகிறது. கீழே மண் உதிர்கிறது. அந்தப் பக்கம் யாரோ நிறுத்திவிட்டுப் போன ஸ்கூட்டரின் சீட்டில் அம்மாள் புடவையை விரிக்கிறார். ஒவ்வொரு துணியாக வெயிலில் வைத்துப் பார்க்கிறார்கள். மூன்றாவது துணி புடவையோடு கலந்து, எது எதுவென்று தெரியாமல் போகிறது. அம்மாள் அதைத் தடவிக்கொண்டே இருக்கிறார்.

"கடைக்குள்ள டியூப்லைட்ல இவ்ளோ நல்லா தெரியாதும்மா," என்கிறாள் சங்கமித்ரா.

காய்கறிப் பையோடு போகும் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தி கன்னடத்தில், "பேரட் கிரீன் இதெயா, அக்கா?" என்று கிளிப்பச்சைத் துணி கேட்கிறாள்.

"இதெ, இதெ. ஒந்து நிமிஷ." ஒரு நிமிடம் இருக்கச் சொல்லிவிட்டு சங்கமித்ரா பலகையில் ஏறிக் கடைக்குப் போகிறாள்.

அவள் திரும்பி வரும்போது பச்சைத் துணிகளோடு கத்தரிக்கோலும் அளவுகோலும் வருகின்றன.