நூற்றுப் பத்து சதவீதம்

பதினொன்று.

அவன் டேப்பை எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு குனிந்து பார்த்தான்.

பதினொன்றேதான்.

வெட்டி மிச்சமான தாளின் ஓரத்தில் ஒரு கோடு. அதற்குப் பக்கத்தில் அவனே தட்டச்சு செய்த வரி: ‘வெட்டுவதற்கு முன் அளந்து பார்க்கவும். இந்தக் கோடு சரியாகப் பத்து சென்டிமீட்டர்.’

வெட்டுவதற்கு முன்.

வெட்டியாகிவிட்டது. தேய்த்தாகிவிட்டது. பசை போட்டு இறுக்கி, நேற்றே மஞ்சள் பெயின்டும் அடித்தாகிவிட்டது.

கூடத்தின் நடுவே நாற்காலி. அதற்குள் துளசி, அவனுடைய ஐந்து வயது மகள், காற்றில் சாய்ந்த தோணி மாதிரி வலப்பக்கம் சரிந்துகொண்டே போனாள். கைப்பிடியில் போய் முட்டியதும் சிரித்தாள். அம்மா தூக்கி நிமிர்த்தியதும் மறுபடி சரிந்தாள். மறுபடி சிரித்தாள். அவளுக்கு அது விளையாட்டு.

அவனுக்கு வியர்த்தது.

நாளைக் காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் காட்டியாக வேண்டும். ‘யாரும் பிடிக்காம ஒரே ஒரு பீரியட் உக்காரட்டும் சார், மறுபேச்சு இல்லாம சேத்துக்கிடுதேன்’ என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். துளசியின் முதுகு தானாக நிற்காது. நாற்காலிதான் நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்த, அது உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும்.

மூன்று வாரம் மண்டையை உடைத்திருந்தான். வெளிநாட்டுத் தளத்தில் கிடைத்த மாதிரிப் படம். இஞ்சில் இருந்ததைச் சென்டிமீட்டருக்கு மாற்றினான். துளசியின் அளவுக்கு ஒவ்வொரு பாகத்தையும் சுருக்கினான். பிரிண்ட் கடை கம்ப்யூட்டர் அந்தக் கோப்பைத் திறக்க மறுத்தது. பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தான். வந்த தாளைப் ப்ளைவுட்டில் ஒட்டி, கோட்டின் மேலேயே ரம்பத்தை ஓட்டினான்.

பலகைகளைக் கோத்தபோது, செருகுவதற்காக வெட்டிய காடிகளுக்குள் அவை லொடலொடவென்று ஆடின. அப்போதே யோசித்திருக்க வேண்டும். ப்ளைவுட் கடைக்காரன் கனம் குறைந்த பலகையைத் தலையில் கட்டிவிட்டான் என்று திட்டிக்கொண்டே, மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தான்.

பாவம், கடைக்காரன்.

போனை எடுத்தான். பிரிண்ட் கடை ஜெசிந்தா. ஸ்பீக்கரில் போட்டான்.

“சொல்லுங்க தம்பி. சேர் முடிஞ்சிட்டா?”

“யக்கா, படத்தைப் பேப்பருக்கு ஃபிட் பண்ணி அடிச்சிட்டீங்களா?”

“அந்தக் கோட்டித்தனம்லாம் நான் பண்ண மாட்டேன். இருவது வருசமா வீட்டு பிளான் அடிக்கேன்.”

“அப்ப பத்து எப்படிக்கா பதினொண்ணாச்சு?”

“அதுவா. நாந்தான் நூத்திப்பத்து பெர்சன்ட் போட்டேன்.”

குரலில் துளி குற்ற உணர்ச்சி இல்லை. உபகாரம் செய்தவளின் குரல் அது.

“எதுக்குக்கா?”

“பொண்ணுக்கு அஞ்சு வயசுன்னீங்கல்லா. அளவைப் பாத்தா ஆணி அடிச்சாப்ல இருக்கு. வளர்ற புள்ளைக்குப் போயி யாராவது இப்படிக் கஞ்சத்தனமா அளவு போடுவாவளா? மூணு மாசத்துல பத்தாமப் போயிரும். ஆம்பளைக்கு அதெல்லாம் எங்க தெரியப்போவுதுன்னு நானே கூட்டிட்டேன்.”

அவன் மனைவியைப் பார்த்தான். முத்துச்செல்விக்குக் கோபம் வந்தால் தெருமுனைவரை கேட்கும். ஜெசிந்தாவுக்கு இன்றைக்கு இருக்கிறது.

முத்துச்செல்வி துளசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் துளசிக்கு எல்லாமே அளவுதான். செருப்பு அளவு. கவுன் அளவு. ‘நல்லா வளருவாளா’ என்று கேட்டதற்கு, ‘பாப்போம்’ என்ற ஒரே வார்த்தையோடு டாக்டர் ஃபைலை மூடிய நாளிலிருந்து, முத்துச்செல்வி எதையும் ஒரு விரல் பெரிதாக வாங்கியதில்லை. ஏன் என்று அவனும் கேட்டதில்லை. நாற்காலிக்கும் அவள் சொன்ன எண்களைத்தான் போட்டான்.

“வளர்ற புள்ள,” என்றாள் முத்துச்செல்வி. மெதுவாக. புதுப் பண்டத்தை வாயில் போட்டுப் பார்ப்பதுபோல.

“என்ன தம்பி, வேற அடிச்சுத் தரணுமா?”

அவன் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தான்.

“வேண்டாம்க்கா,” என்றாள் முத்துச்செல்வி. “இதே இருக்கட்டும்.”

எழுந்து உள்ளே போனாள். மூன்று துண்டுகளோடு வந்தாள். இரண்டைச் சுருட்டி இடுப்புக்கு இருபுறமும் செருகினாள். ஒன்றை மடித்து முதுகுக்குக் கொடுத்தாள். பிறகு கையை எடுத்தாள்.

அவனும் கையை எடுத்தான்.

துளசி நிமிர்ந்து இருந்தாள்.

ஃபேனைப் பார்த்தாள். காலண்டரைப் பார்த்தாள். அப்பாவின் மூக்கில் ஒட்டியிருந்த மஞ்சள் பெயின்டைப் பார்த்துக் கெக்கலித்தாள். சிரிப்பில் குலுங்கியும் சரியவில்லை.

இருவரும் எதிரே தரையில் உட்கார்ந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்தபடி. பரீட்சை எழுதுவது அவர்கள்தான் என்பதுபோல.

பத்து நிமிடம்.

இருபது.

முப்பத்தைந்தில் துளசிக்கு அலுத்துவிட்டது. தின்ன இனிப்பு மக்ரூன் கேட்டாள். இரண்டு கையிலும் இரண்டு கொடுத்தார்கள்.

நாற்பது.

“ஒரு பீரியட்,” என்றான் அவன். “துண்டோடயே தூக்கிட்டுப் போயிரலாம். என்ன சொல்லுத?”

முத்துச்செல்வி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று யாருக்கோ போன் போட்டிருந்தாள்.

“டெய்லர் அண்ணாச்சி, துளசிக்கு யூனிபார்ம் துணி நாளைக்குக் கொண்டாரேன். உங்க நோட்டுல அவ அளவு இருக்குல்லா, அதைக் கோடு போட்டு அடிச்சிட்டு, புதுசா அளந்துக்கிடுங்க. பாவாடையக் கீழ நாலு விரக்கடை உள்ள மடிச்சுத் தைங்க.”

அந்தப் பக்கம் அவர் என்னவோ கேட்டார்.

“ஆமா. அப்புறமாப் பிரிச்சு விட்டுக்கிடலாம்.”